செஞ்சிக் கோட்டையும் விரல் கட்டும் கலையும்

செஞ்சி என்றதும் தமிழ் மக்கள் நெஞ்சில் முதலில் எழுவது தேசிங்கு ராஜனின் பெயர். அதனை விட்டுப் பிரியாமல் உடன் எழுவது மகபத்கானின் பெயர். மணக்கோலத்தில் இருந்த அம்முஸ்லிம் இளைஞன், நண்பனுக்குப் போர் நேர்ந்ததென்று கேட்டதும் மணவறையை விட்டெழுந்து குதிரையேறினான் என்று கதைப்பாடல் சொல்லும். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாப் ஸஆதத்துல்லாகானின் படையோடு பொருது இருவரும் வீழ்ந்தனர்.

வீழ்ந்தவரை நாடு பாடிற்று. வீழாமல், கைவிரல் ஒன்று கணுவில் விலகிக் கோணி நிற்க, பாசறைக்குத் திரும்பிய சிப்பாயை எவரும் பாடவில்லை. கடிவாள வாரை விரலிற் சுற்றிப் பிடித்தவன், குதிரை தலையை உதறிய ஒரு நொடியில் விரலை இழந்தவன் போலாவான். விரல் கையில்தான் இருக்கும். ஆனால் வாளின் பிடி அதற்கு அடங்காது. அவ்விரலைப் பற்றி இழுத்து, அதன் இடத்தில் மீண்டும் அமர்த்திக் கட்டியவர் யார்? அவர் எவ்வறிவைக் கொண்டு கட்டினார்? அவ்வறிவு எங்கெங்கிருந்து வந்தது? இதுவே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருள். பேரரசுகளின் கதையோடு ஒப்பிடச் சிறிய பொருள்தான். எனினும் வாள் பிடித்தவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் தறியில் அமர்ந்தவனுக்கும் எழுதுகோல் ஏந்தியவனுக்கும் விரலன்றோ பிழைப்பு!

செஞ்சியை ஆண்டவர் பலர். விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள், 1649 வாக்கில் பீஜப்பூர் ஆதில்ஷாஹிகள், 1677-இல் சிவாஜி, ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் ஸுல்பிகார்கானின் தலைமையில் மொகலாயர், அவர்களுக்குப் பின் ஆர்க்காட்டு நவாபுகள், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று வரிசை நீளும். 2025 ஜூலையில் மராட்டியர் காலப் படைக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, தமிழகத்திலிருந்து அவ்வரிசையில் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹாலையும், களஞ்சியங்களையும், 1717–18-இல் எழுந்த ஸஆதத்துல்லாகான் பள்ளிவாசலையும் காணச் செல்வோர், உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டப்படும் ஒரு கட்டிடத்தை அதிகம் பொருட்படுத்தாமல் கடந்து விடுவர். நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அது. 1520 வாக்கில் விஜயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் பருகி, உடலெங்கும் எண்ணெய் பூசி, பளு தூக்கி, வாள் வீசி, பிறகு தம் மல்லர் ஒருவரோடு மற்போர் புரிந்ததை எழுதி வைத்திருக்கிறார். தலைநகரில் மன்னரே செய்ததை நாயக்கர் தலைநகரங்களும் பின்பற்றின. மல்லர்கள் உள்ள இடத்தில் விலகிய விரல்கள் இருக்கும்; விலகிய விரல்கள் உள்ள இடத்தில் அவற்றைக் கட்டுவோரும் இருந்தே தீர வேண்டும். வட இந்தியாவிலும் இன்றைய பாகிஸ்தானிலும் எலும்பு கட்டுவோரைப் 'பஹல்வான்' என்றே மக்கள் அழைப்பது வழக்கம். தென்பாண்டி நாட்டிலும் குமரிப் பகுதியிலும் சிலம்பமும் வர்மமும் கற்பிக்கும் ஆசானே, அடிபட்டவனுக்கு எண்ணெயிட்டுத் தடவும் வைத்தியருமாவார். அடிக்கக் கற்றவனே கட்டவும் கற்றான்.

விலகலும் முறிவும்

பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலிலும் மூன்று எலும்புகள், பெருவிரலில் இரண்டு. எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தைக் கணு என்கிறோம். கணுவின் இருபுறமும் நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த நார்த்தகடு ஒன்று, விரல் பின்னோக்கி வளையாதபடி தடுக்கும். பந்தோ, கம்போ, தரையோ விரல் நுனியில் நேராக மோதும்போது அத்தகடு கிழிந்து, முன்னெலும்பு பின்னெலும்பின் மேல் ஏறிக்கொள்கிறது. பெரும்பாலும் நடுக்கணுவில்தான் இது நேர்கிறது. பெரும்பாலும் புறங்கைப் பக்கமாகவே ஏறுகிறது.

நம் மக்கள் இதற்கெல்லாம் சொற்களை வகுத்தே வைத்திருக்கின்றனர். நார் மட்டும் நலிந்தால் சுளுக்கு. மூட்டு இடம் பெயர்ந்தால் பிசகல் அல்லது நழுவல். எலும்பே பிளந்தால் முறிவு. வெளியே பார்த்தால் மூன்றும் வீக்கமாகவே தெரியும். வீக்கத்துக்குள் இருப்பது எதுவென்று விரலால் தடவி அறிவதே பழைய வைத்தியரின் முதல் தேர்வு.

வடமொழியில் ஸுச்ருத ஸம்ஹிதை இத்தேர்வைப் பாகுபாடு செய்து எழுதி வைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்நூல் மூட்டு விலகலை ஆறு வகையாகவும் எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகவும் பிரிக்கிறது. விரலைப் பற்றித் தனியாகவே பேசுகிறது: முறிந்தாலும் விலகினாலும் விரலைச் சமமாக நிறுத்தி, மெல்லிய துணிப்பட்டையால் சுற்றி, நெய் வார்க்க வேண்டும் என்பது அதன் விதி. பட்டை வைத்துக் கட்டுவதற்கு ஆல், அரசு, அத்தி, மருது முதலிய மரங்களோடு மூங்கிலையும் கூறுகிறது. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும், ஆதலால் நடுத்தரமாகக் கட்டுக என்று எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கொரு முறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கொரு முறையும், வெயில் காலத்தில் மூன்று நாளுக்கொரு முறையும் கட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்கிறது. செஞ்சியின் சித்திரை வெயிலில் பாறைகளின் அடியில் ஒரு பகல் கழித்தவர்க்கு மூன்று நாள் கணக்கின் பொருள் விளங்கும்.

இந்நூல் நம் நாட்டெல்லைக்குள் நின்றுவிடவில்லை. அப்பாஸியக் கலீபாக்களின் பக்தாதில், பர்மக்கீ குலத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஆணையால், மன்கா என்னும் இந்திய வைத்தியர் இதனை அரபியில் விளக்கினார் என்று இப்னு நதீமின் நூற்பட்டியல் கூறுகிறது.

ஓலைப் பல்லி

அதே பக்தாதில் கிரேக்கர் நூல்களும் அரபியாயின. ஹிப்போகிராதஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், கிறிஸ்துவுக்கு நான்கைந்து நூற்றாண்டுகள் முற்பட்டது. அதிலும் விரலுக்கு ஓரிடம் உண்டு. விரலை நேர்கோட்டில் இழு, புடைத்த பக்கத்தைப் பெருவிரலால் அழுத்து என்பது அதன் முறை. அதனோடு ஒரு கருவியையும் சொல்கிறது. நாம் அதைப் படித்தபோது வியந்து போனோம். பனையினத்து ஓலையால் பின்னிய ஒரு சிறு குழல். அதற்குப் 'பல்லி' என்று பெயர். விலகிய விரலை அக்குழலுக்குள் செருகி, ஓலையின் மறுமுனையை ஒரு கையாலும் நோயாளியின் மணிக்கட்டை மறுகையாலும் பற்றி இழுக்க வேண்டும்.

சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய குழலுக்கு ஓர் இயல்பு உண்டு. இழுக்க இழுக்க நீளும். நீள நீள ஒடுங்கும். ஒடுங்கும்போது உள்ளிருக்கும் விரலை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கவ்விப் பிடிக்கும். வியர்த்து வழுக்கும் விரலைக் கையால் பிடித்து இழுப்பதினும் இது எவ்வளவோ மேல். ஓரிடத்தில் நகம் பதிவதில்லை, தோல் உரிவதில்லை. பல நாடுகளில் இது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள். இரு முனையிலும் இரு விரலை நுழைத்து இழுத்தால் விடுபட முடியாது. எலும்பு மருத்துவர் இன்றும் இதே பின்னலைக் கம்பியாலும் நைலானாலும் செய்து, விரல்களை அதில் மாட்டிக் கொக்கியில் தொங்கவிட்டு, கையின் எடையாலேயே மூட்டும் மணிக்கட்டும் நேராகும்படி செய்கின்றனர். பெட்டியும் பாயும் விசிறியும் ஓலையில் முடைந்த நம் விழுப்புரம் வட்டாரத்துப் பெண்களின் கைக்கு அக்குழல் ஒரு நாழிகை வேலை.

ஜப்ர் என்னும் சொல்

அரபியில் எலும்பு கட்டும் கலைக்கு 'ஜப்ர்' என்று பெயர். உடைந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிறைத்தல் என்பது அதன் பொருள். கட்டுபவர் முஜப்பிர். பட்டை வைத்த கட்டு ஜபீரா. உளூச் செய்யும்போது அக்கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவதற்கு ஃபிக்ஹு நூல்கள் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பதை ஓதியவர் அறிவர். தொழுகைக்கு வருவோர் கையிலும் காலிலும் கட்டுப் போட்டிருப்பது அத்துணைப் பொதுவான காட்சியாக இருந்திருக்கிறது. இரு ஸஜ்தாக்களுக்கிடையே அமர்ந்து ஓதும் துஆவில் வரும் 'வஜ்புர்னீ' என்னும் சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. 820 வாக்கில் குவாரிஸ்மி தம் கணித நூலுக்கு இதே சொல்லைத் தலைப்பில் வைத்தார். கழித்தல் குறியால் குறைந்த பக்கத்தை நிறைவு செய்வதும் ஒருவகை ஜப்ரன்றோ! அதுவே ஐரோப்பாவில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. ஸ்பெயினில் மட்டும் பழம்பொருளும் மறையவில்லை. 1615-இல் வெளிவந்த டான் குவிக்ஸோட்டின் இரண்டாம் பாகத்தில், குதிரையிலிருந்து வீழ்ந்தவனுக்கு எலும்பு கட்ட வருபவன் 'அல்ஜீப்ரிஸ்டா' என்றே அழைக்கப்படுகிறான்.

அந்த ஸ்பெயினில்தான், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில், 936-இல் அபுல் காஸிம் ஸஹ்ராவி பிறந்தார். முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். அதில் மூன்றாம் பிரிவு முழுதும் முறிவும் விலகலும். விரல் விலகலுக்கு அங்கே தனி இயல் உண்டு. இழுத்தல், பெருவிரலால் அழுத்துதல், கட்டுதல், பிறகு பகலில் கட்டை அவிழ்த்து விரலை அசைக்கச் செய்து இரவில் மீண்டும் கட்டுதல் என்பது அவர் காட்டும் வழி. பகலில் அசைத்து இரவில் கட்டு என்னும் அவ்வொரு வரிக்காகவே அவரைப் பாராட்டலாம். ஏனெனில் விரல் மூட்டைப் பல வாரங்கள் அசைக்காமல் வைத்தால் அது மரத்துப் போய், விலகியபோது இருந்ததைவிடப் பயனற்றதாகிவிடும்.

அப்பிரிவின் முகப்பில் ஸஹ்ராவி ஒரு மனக்குறையையும் வெளியிடுகிறார். இக்கலை முன்னோர் நூலைக் கண்ணாலும் காணாத பாமரர் கையில் விழுந்துவிட்டது. அதனால் நம் நாட்டில் அது அற்றே போயிற்று. நான் தேர்ந்தவர் ஒருவரையும் சந்திக்கவில்லை. நெடுநாள் நூற்பயிற்சியாலும் அனுபவத்தாலுமே இதனைப் பெற்றேன் என்பது அவர் கூற்றின் சாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த இம்முறையீடு இன்று நம் செவிக்கும் புதிதன்று. ஆயினும் அவர் குறைகூறிய அப்பாமரர்தாம் ஊர்தோறும் மக்களின் விரல்களைக் கட்டிக்கொண்டிருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

வில் செய்தவர் எலும்பு கட்டியது

இந்திய நூலும் கிரேக்க நூலும் அரபி நூலும் பாரசீக மொழியில் ஒன்றாகக் கலந்து நம் நாட்டுக்குத் திரும்பின. சிக்கந்தர் லோதியின் காலத்தில், 1512-இல், மியான் புவா ஸுச்ருதர் முதலியோரின் முறைகளைப் பாரசீகத்தில் தொகுத்தார். பீஜப்பூரில் இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷாவின் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா, இந்திய வைத்தியத்தைப் பற்றிப் பாரசீகத்தில் தனி நூலே எழுதினார். அந்தப் பீஜப்பூரின் படைதான் பின்னர் செஞ்சியில் வந்து இறங்கியது. அதே பீஜப்பூர்ப் போர்க்களங்களில் மூக்கறுபட்டவர்க்கு, நாட்டு வைத்தியர்கள் நெற்றித் தோலை அறுத்து மடித்து மூக்கமைத்ததை வெனிஸ் நகரத்து மனூச்சி எழுதியிருக்கிறார். மூக்கையே அமைத்தவர்க்கு விரல் எம்மட்டு!

படைகளோடு ஹகீம்கள் வந்தனர். காயத்தை அறுத்துத் தைக்கும் ஜர்ராஹ்களும் வந்தனர். ஆனால் விரலைக் கட்டியவரை அறிய நமக்குத் துணை செய்வது உருது மொழியின் ஒரு சொல்லே. 'கமான்கர்' என்றால் வில் செய்பவன். அச்சொல்லுக்கே எலும்பு கட்டுபவன் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. துருக்கியரும் மொகலாயரும் ஏந்திய வில், மரமும் கொம்பும் நரம்பும் பசையால் ஒட்டி அமைந்தது. எலும்பொத்த கொம்பை நேராக்குவது, நரம்பை ஊறவைத்துச் சுற்றுவது, இறுக்கம் எவ்வளவு என்று விரலால் அறிவது, காயும்வரை பொறுப்பது ஆகியவை அவன் தொழில். மனித உடலிலும் எலும்பு, நரம்பு, பசை, கட்டு என்று அதே பொருள்களை அவன் கண்டிருப்பான் என்பது நம் கருத்து. துப்பாக்கி வந்து வில் ஓய்ந்த காலத்தில் இப்பக்கத் தொழிலே அவனுக்குச் சோறிட்டிருக்கவும் கூடும். வில்லாளியின் பெருவிரலைக் காக்க எலும்பாலும் பச்சைக்கல்லாலும் செய்த மோதிரங்கள் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. விரலின் மதிப்பை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நம் கிராமங்களில் இக்கலை வேறு உருக்கொண்டது. முட்டையின் வெண்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றுவர். காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். மேலே மூங்கிற் பட்டை. ஐரோப்பாவில் பாரிஸ் சாந்துக் கட்டு பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் உளுந்துக் கட்டின் அருமை புலனாகும். ஆந்திரத்துப் புத்தூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய மரபு நாடெங்கும் புகழ் பெற்று, 'புத்தூர் கட்டு' என்னும் பலகை இன்று தமிழகத்தின் எந்தச் சாலையிலும் காணத்தக்கதாயிற்று.

இழுத்தும் வராத விரல்

இத்துணைப் பெருமை பேசிய நாம் இதன் மறுபக்கத்தையும் பேசாதொழிவது நேர்மையன்று. எல்லா மொழி நூல்களும் ஒருமுகமாகச் சொல்வது, இழு என்பதே. நடுக்கணு விலகலில் பெரும்பாலும் அது போதும். ஆனால் விரலின் அடிமூட்டு, அதாவது நாம் முட்டி என்று சொல்லும் இடம், சுட்டுவிரலில் விலகும்போது கதை வேறு. உள்ளங்கை எலும்பின் தலை, தசைநாணுக்கும் சிறுதசைக்கும் இடையே பொத்தான் துளையில் நுழைந்த பொத்தான்போல் மாட்டிக்கொள்கிறது. கிழிந்த நார்த்தகடு மூட்டுக்குள் விழுந்து வழியை அடைக்கிறது. இழுத்தால் சுருக்கு இன்னும் இறுகும். ஓலைப் பல்லியில் மாட்டிய விரலின் நிலைதான் அந்த எலும்புக்கும். இதன் அமைப்பை 1957-இல் அமெரிக்க மருத்துவர் இம்மானுவேல் காப்ளான் தெளிவுற விளக்கினார். அறுத்துத் திறந்து சுருக்கைத் தளர்த்தினாலன்றி அவ்விரல் திரும்பாதென்று கண்டார். வெளியே தெரியும் அடையாளம் சிறிது: விரல் பெரிதாகக் கோணியிராது, உள்ளங்கைத் தோலில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். இதை அறியாத கை, வலிமையுள்ள கையாக இருக்க இருக்கக் கேடும் மிகும்.

இறுகக் கட்டுவதன் கேடும் பெரிது. இரத்தம் ஓடாமல் தசை செத்துக் கை கொக்கிபோல் சுருங்கும் நிலையை 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மான் விவரித்தார். ஸுச்ருதர் எழுதிய எச்சரிக்கையே அது. ஆனால் கட்டு வைத்தியரிற் பலருக்கு அவ்வெழுத்து எட்டவில்லை. கட்டிய பின் விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிதல் நலம். முறிவை விலகல் என்று எண்ணி இழுத்து விடுவதும் உண்டு. 1895 டிசம்பரில் ராண்ட்ஜன் எடுத்த முதல் எக்ஸ்ரே படங்களுள் ஒன்று அவர் மனைவியின் கைதான். மோதிரம் அணிந்த விரலெலும்புகள் அதில் கருநிழலாய்த் தெரிந்தன. அன்று முதல் வீக்கத்துக்குள் இருப்பதைத் தடவித்தான் அறிய வேண்டும் என்ற நிலை நீங்கிற்று.

கைக்கென்றே தனி மருத்துவம் வளர்ந்த வரலாற்றில் செஞ்சிக்கு அண்மையிலுள்ள வேலூருக்கு இடமுண்டு. 1946-இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். 1970களில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்காயங்களுக்கெனத் தனித்துறை வளர்ந்தது. செஞ்சியில் விரல் விலகியவர்க்கு முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே செய்வதும் பெரிய வித்தையன்று: விரல் மரத்துப்போக ஓர் ஊசி, நேராக ஓர் இழுப்பு, ஒரு படம், பிறகு பக்கத்து விரலோடு சேர்த்து ஒரு கட்டு. சேர்த்துக் கட்டுவதால் நல்ல விரல் மற்றதைத் தாங்கியபடியே அசைக்கும்.

வீக்கம் வடிந்ததும் மாவு போன்ற மென்பொருளைக் கையிற் கொடுத்துப் பிசையச் சொல்கின்றனர். பின்னர் ரப்பர் பந்து. உள்ளங்கை முறிந்து கூடியவனுக்கு ஸுச்ருதர் சொன்னதும் இவ்வரிசைதான்: முதலில் மண்ணுருண்டையைப் பிடிக்கச் செய்க, பின்பு உப்புக் கட்டியை, கையில் வலுவேறிய பின் கல்லை.